திரை போட்ட பதினோரு வாரம்

டெல்ஃப்சைல் என்ற துறைமுக ஊரில் எங்கள் தெருவில் யாரும் வாசல் ஜன்னலுக்குப் பகலில் திரை போடுவதில்லை. போடக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது, ஆனாலும் போடுவதில்லை. பகலில் திரை மூடியிருந்தால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். சாவும் இல்லை, திரையும் மூடியிருக்கிறது என்றால் இன்னும் மோசம், அந்த வீட்டார் எதையோ மறைக்கிறார்கள். அப்படிப்பட்ட தெருவில்தான் ஃபென்னா, இருபத்திரண்டு வருஷமாகத் திறந்தே கிடந்த தன் ஜன்னலுக்கு, செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குத் திரையை இழுத்து மூடினாள்.

புத்தியுள்ளவள் செய்கிற காரியமா இது? மறைக்க வேண்டியதை மாடியில் மறைத்துவிட்டுக் கீழே ஜன்னலைப் பளிச்சென்று திறந்து போட்டிருந்தால் ஒரு ஈ காக்கா திரும்பிப் பார்த்திருக்காது. ஆனால் பயம் வந்துவிட்டால் புத்தி எங்கே வேலை செய்கிறது? பயந்தவள் கைக்கு முதலில் கிடைத்தது திரைதான், அதைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

ஃபென்னாவை உங்களுக்குத் தெரியாது. அவள் பிறந்தது மணல் ஏற்றிப் போகும் படகில். கரையில் வீடு என்று ஒன்று அவர்கள் குடும்பத்துக்குக் கிடையாது. அப்பா சுக்கான் பிடிப்பார், அம்மா சமைப்பாள், துணி துவைப்பாள், நோய்வாய்ப்பட்டுப் படுத்தும் கிடப்பாள். தம்பி ஹார்ம் பிறந்தபோது ஃபென்னாவுக்கு நாலு வயது. படகில் நடக்கப் பழகும் குழந்தை தண்ணீரில் விழாமல் இருக்க இடுப்பில் கயிறு கட்டுவார்கள். ஹார்மின் கயிற்றைப் பிடித்தபடிதான் ஃபென்னாவின் சின்ன வயசு போயிற்று. கயிற்றை விட்டாயா, தம்பி போனான் என்று அம்மா தினமும் சொல்வாள்.

இருபத்து நாலு வயதில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு கரையேறினாள். அந்த மகராசன் பதினாலு வருஷம் இவள் கையால் சாப்பிட்டுவிட்டு, எம்மன் ஊர்க்காரி ஒருத்தியோடு போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற வேலை கிடைத்தது. தோழியின் மாடியறையில் படுத்துக்கொண்டு, வீட்டு வாரியத்தின் வரிசையில் வருஷக்கணக்காகக் காத்திருந்து இந்த வீட்டைப் பிடித்தாள். கீழே ஒரு கூடமும் சமையலறையும், மேலே இரண்டு அறை, பின்னால் சமையலறையை ஒட்டிப் பலகை அடித்த சைக்கிள் கொட்டகை. சாவி கையில் கிடைத்த அன்றைக்கு வெறுந்தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாளாம். அசையாத தரை அது, அவள் பெயரில் இருக்கிற தரை.

அவள் வாங்குகிற சம்பளத்துக்கு அந்த வாடகை தாங்காது. அரசாங்கம் கொடுக்கும் வாடகை உதவி மாதாமாதம் வந்து விழுவதால்தான் தாங்கிக்கொண்டிருந்தது. அந்த உதவி நின்றால் மூன்றாவது மாதம் வீட்டு வாரியத்திடமிருந்து கடிதம் வரும், ஆறாவது மாதம் பூட்டை மாற்றிவிடுவார்கள். ஃபென்னா இதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த தீனேக்கேயின் கதையைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

தீனேக்கே தன் மகளைக் காதலித்த பையனை வீட்டில் தங்க வைத்தாள். பாவம், போக்கிடம் இல்லாத பையன். தனியாக இருக்கிறேன் என்று சொல்லி உதவி வாங்குகிறவள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் ஒருவன் இருந்தால், அவன் வருமானத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். அவள் சொல்லவில்லை. யாரோ அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார்கள். மூன்று வருஷத்து உதவியைத் திருப்பிக் கொடு என்று நீல நிற உறையில் கடிதம் வந்தது. சோபாவும் தையல் மிஷினும் முதலில் போயின, கடைசியில் வீடே போயிற்று. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. ஃபென்னாவும் கையில் காய்கறிப் பையோடு நின்று பார்த்தாள். அது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து எங்கே நீல உறையைப் பார்த்தாலும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இப்படிப்பட்டவள் வீட்டு வாசலில்தான் செப்டம்பர் மாதத்தில் ஹார்ம் ஒரு துணிப்பையோடு வந்து நின்றான். ஐம்பத்தெட்டு வயசு, கல்யாணம் ஆகவில்லை. நாற்பது வருஷம் அடுத்தவர் படகுகளிலேயே வேலை பார்த்து, படகிலேயே தூங்கியவன். இடது முழங்கால் நசுங்கிப் போய், அதற்காக மாதம் ஒரு தொகை வந்துகொண்டிருந்தது. கடைசி முதலாளி படகை விற்றதோடு படுக்கவும் இடமில்லாமல் போயிற்று.

"ரெண்டே வாரம்க்கா. அதுக்குள்ள ஒரு ரூம் பாத்துருவேன்" என்றான்.

"ரெண்டு வாரம்னா ரெண்டு வாரம்தான்டா. தீனேக்கே கதை தெரியும்ல?"

"எந்த தீனேக்கே?"

"உனக்கு எதுதான் தெரியும்! உள்ள வா மொதல்ல, தெருவுல நிக்காத."

இரண்டு வாரம் நாலாயிற்று, நாலு எட்டாயிற்று. அறை எங்கே கிடைக்கிறது? முழங்கால் போனவனுக்கு மூன்றாவது மாடியில் ஒன்று காட்டினார்கள். இன்னொன்றுக்கு நாலு வருஷம் காத்திருக்கச் சொன்னார்கள். ஃபென்னாவுக்கு அவனைப் போ என்று சொல்ல வாய் வரவில்லை. இரு என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

அந்த வீட்டில் பயமும் மூன்றாவது ஆளாகக் குடிவந்தது. ஹார்மின் உள்ளாடைகளை வெளிக் கொடியில் போட விடமாட்டாள், மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு காயவைப்பாள். பாத்திரம் துடைக்கும்போது ஒரு தட்டைத்தான் வெளியில் தெரிகிற மாதிரி வைப்பாள். அவன் இருமினால் உடனே ரேடியோ சத்தத்தைக் கூட்டுவாள். பக்கத்து வீட்டுக்கும் இவளுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு செங்கல் சுவர்.

"தலகாணில வாயப் பொத்திக்கிட்டு இருமுடா."

"இருமறதுக்கும் அனுமதி வாங்கணுமாக்கா? விண்ணப்பம் எங்க குடுக்கறாங்க?"

"சிரிக்காத. வீடு போச்சுன்னா ரெண்டு பேரும் பாலத்துக்கு அடியில உக்காந்து சிரிக்கலாம்."

அவன் சிரிப்பதை நிறுத்திக்கொள்வான். நல்லவன்தான். உருளைக்கிழங்கு உரிப்பான், கசிகிற குழாயைச் சரி செய்வான், அவள் வேலை முடிந்து வரும்போது பட்டாணி சூப் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்காக அந்த வீட்டில் வேறொருவர் சமைத்தது அதுதான் முதல் தடவை. அந்த சூப்பைக்கூட அவள் காதைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டுதான் குடித்தாள். வாசலில் சைக்கிள் பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டால் கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும்.

எதிர்வீட்டு ரூலி ஒரு நாள் கடைக்குப் போகிற வழியில் பிடித்துக்கொண்டாள். ரூலிக்கு வாய் பெரிசு, கண் அதைவிடப் பெரிசு.

"என்னடி ஃபென்னா, திரை மூடியே கெடக்கு? வீட்ல யாராச்சும் போய்ட்டாங்களா?"

"யாரு போக? நான் ஒருத்திதான இருக்கேன்."

"அப்ப நீதான் செத்துட்டியா? சொல்லவே இல்ல பாரு!" என்று தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நல்லாத்தான இருக்க?" என்று முகத்தையே பார்த்தாள்.

"வெயில் பட்டா சோபா வெளுத்துப் போகுது."

நவம்பர் மாதம். எங்கள் ஊரில் நவம்பரில் வெயில்! வீட்டுக்கு வந்த பிறகுதான் ஃபென்னாவுக்கு அது உறைத்தது. ரூலி எழுதிப் போடப் போகிறாள், நிச்சயம் எழுதிப் போடப் போகிறாள் என்று ஹார்மிடம் பத்துத் தடவை சொன்னாள்.

டிசம்பர் ஆரம்பத்தில் நீல உறை வந்தது. கதவிலுள்ள தபால் துவாரத்து மூடி டப்பென்று அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டதும், பார்க்காமலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பிரிக்காமல் அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். ஒரு வாரம் காபிக்குச் சர்க்கரையே போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் ஹார்ம்தான் அதை எடுத்து மேஜை மேல் வைத்தான். "பிரிச்சுரு அக்கா. பிரிக்காட்டி உள்ள இருக்கறது மாறிடுமா?"

பிரித்தாள். உங்கள் வீட்டுச் சூழ்நிலையைச் சரிபார்ப்பதற்காக எங்கள் அலுவலர் டிசம்பர் பதினொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு நேரில் வருவார் என்று இருந்தது. இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு என்று அதற்குக் கீழே அரைப் பக்கம். வீட்டுச் சூழ்நிலை என்ற வார்த்தைக்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. பதினொன்றாம் தேதி மறுநாள்தான்.

"நாளைக்கேவாடா! கடவுளே, நாளைக்கே!"

"நான் வேணா இப்பவே போயிடறேன்க்கா."

"எங்க போவ? இந்தக் குளிர்ல இந்த முழங்கால வச்சிக்கிட்டு? கொட்டகைல உக்காந்துக்க. ஒரு மணி நேரம்தான். மூச்சு விடக் கூடாது."

அன்று சாயங்காலம் முழுக்க வீட்டிலிருந்து ஹார்மை அழிக்கிற வேலை நடந்தது. அவன் துணிகள் பைக்குள் போயின, பை கொட்டகைக்குப் போயிற்று. சவரக் கத்தி மாவு ஜாடிக்குள் புதைந்தது. அவன் உட்கார்ந்து பள்ளமாகியிருந்த நாற்காலி மெத்தையை அடித்து அடித்து உப்ப வைத்தாள். ஹார்ம் சுவரில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு கேலியும் பேசவில்லை.

காலையில் அவன் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது நல்ல நீல ஸ்வெட்டர் போட்டிருந்தான். தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தான். சமையலறை நடுவில் எதையோ எதிர்பார்க்கிறவன் மாதிரி நின்றான்.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற? மணி ஒம்போதே முக்கா. போ, போ!"

"இல்ல, சும்மாதான்" என்றான். கம்பளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனான். அவள் வெளியிலிருந்து கொக்கியைப் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பினால் வாசலுக்குப் பக்கத்தில் அவனுடைய பூட்ஸ், நாற்பத்தேழாம் நம்பர் பெரிய பூட்ஸ். மனுஷன் காலில் வீட்டுச் செருப்போடு போயிருக்கிறான். கொக்கியைத் திரும்பத் திறக்க நேரமில்லை, வாசலில் மணி அடித்துவிட்டது. பூட்ஸைத் தூக்கி அடுப்புக்குக் கீழே இருக்கிற, கேக் சுடும் ஓவனுக்குள் அடைத்து மூடிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

வந்தவர் பெயர் ஹோவிங். நாற்பது வயது இருக்கும், குளிரில் மூக்கு சிவந்திருந்தது, கையில் ஒரு அட்டை. மிதியடியில் இரண்டு காலையும் நன்றாகத் துடைத்துவிட்டு வந்தார். துடைத்த விதத்தைப் பார்த்தால் நல்ல மனுஷன்தான். ஆனால் தீனேக்கே வீட்டுக்கு வந்தவரும் நல்ல மனுஷனாகத்தான் இருந்தார் என்று ஃபென்னாவுக்கு ஞாபகம்.

"பயப்படாதீங்கம்மா, அஞ்சு நிமிஷ வேலைதான். தனிக் கதவு, தனிக் கழிப்பறை, தனிச் சமையலறை, இந்த மூணும் இருந்தாத்தான் உதவி உண்டு. இந்த வரிசையில ரெண்டு வீட்டப் பிரிச்சு அறை அறையா வாடகைக்கு விட்டுட்டாங்க. அதனால ஒவ்வொரு வீடாப் பாத்துட்டு வரோம். கதவு பாத்தாச்சு" என்று அட்டையில் ஒரு குறி போட்டார்.

இது போதாதா அவளுக்கு நிம்மதியடைய? போதவில்லை. கதவைப் பார்க்கிற சாக்கில் ஆளைத் தேடுகிறார் என்றுதான் பட்டது. நேராகக் கேட்டால் பொய் சொல்வார்கள் என்று சுற்றி வளைக்கிறார். சே, என்ன தந்திரம்!

வாசலை ஒட்டிய கழிப்பறைக்குள் ஹோவிங் தலையை நீட்டினார். எங்கள் ஊரில் எல்லா வீட்டுக் கழிப்பறையிலும் பிறந்தநாள் காலண்டர் தொங்கும். வருஷம் போடாத காலண்டர் அது. சொந்தக்காரர், சிநேகிதர் பிறந்தநாளெல்லாம் எழுதியிருக்கும். அங்கே மாட்டினால்தான் தினமும் கண்ணில் படும், மறக்காது. யாராவது செத்துப் போனால் பெயரை அடிப்பதில்லை, பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை போடுவோம். ஃபென்னாவின் காலண்டரில் அம்மாவுக்குச் சிலுவை உண்டு, அப்பாவுக்கும் உண்டு. எம்மனுக்குப் போன புருஷனுக்கு இல்லை, போட ஆசைதான்.

ஹோவிங் வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு பேரும் சமையலறைக்குள் போனார்கள். அவர் அடுப்பைப் பார்த்தார், கழுவுத்தொட்டியைப் பார்த்தார். "நல்ல ஓவன்மா. எங்க வீட்லயும் இதேதான்" என்று அதன் கைப்பிடியில் விரலை வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். சின்ன இருமல், பாதியில் விழுங்கிய இருமல். ஃபென்னா உடனே தானும் இருமினாள். நெஞ்சு பிய்ந்து போகிற மாதிரி இருமினாள், மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"ஐயையோ, தண்ணி குடிங்கம்மா" என்று அவர் கைப்பிடியை விட்டுவிட்டுத் தம்ளரைத் தேடினார். அவள் தண்ணீர் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றார். பிறகு கையை நீட்டினார்.

"சரி, வேலை முடிஞ்சது. அப்புறம், வாழ்த்துகள்மா! உங்க தம்பிக்கு இன்னிக்குப் பொறந்தநாளாச்சே. காலண்டர்ல பாத்தேன்."

இங்கே அப்படித்தான். பிறந்தநாள்காரனை மட்டும் வாழ்த்திவிட்டு விடமாட்டோம், அக்கா தங்கை அம்மா அப்பா எல்லாருக்கும் கை கொடுப்போம். அவர் அந்த வழக்கப்படிதான் கை கொடுத்தார். ஆனால் ஃபென்னாவின் காதில் தம்பி என்ற ஒரு வார்த்தைதான் விழுந்தது. தெரிந்துவிட்டது, எல்லாம் தெரிந்துவிட்டது, அடுத்து தம்பி எங்கே என்று கேட்கப் போகிறார். ரூலி தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்ட கேள்வி எங்கிருந்தோ வந்து கைகொடுத்தது.

"அவன் செத்துட்டான்."

சத்தமாகவே சொல்லிவிட்டாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

ஹோவிங்கின் கை அப்படியே நின்றது. "மன்னிச்சிருங்கம்மா. சிலுவை போடல, அதான் நான்... வெளிய திரை மூடியிருந்ததப் பாத்தும் எனக்குப் புரியாமப் போச்சே."

"போட மனசு வரல" என்றாள் ஃபென்னா. பொய் தன்னால் அடுத்த அடி எடுத்து வைத்தது.

வாசல்வரைக்கும் அவர் குரலைத் தாழ்த்தியே பேசினார். "வேற யாரும் உங்ககூட இல்லல்ல? ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இருந்தாலும் பரவால்லம்மா. முன்ன மாதிரி ஒரேயடியா நிறுத்தற சட்டம் இப்பக் கிடையாது. வந்தவங்க வருமானத்துக்குத் தகுந்தாப்ல கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வீடெல்லாம் போகாது. சொல்லாம மறைச்சாத்தான் வம்பு. தனியா இருக்கறது கஷ்டம், யாராவது வந்தா ஒரு போன் போடுங்க, நானே பதிஞ்சு விடறேன்."

தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒன்றை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். ஃபென்னா கதவைச் சாத்தி அதிலேயே சாய்ந்து நின்றாள். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தை ஹார்மே கொடுத்திருப்பான், முதல் நாளே கொடுக்கிறேன் என்றுதான் சொன்னான். முதல் வாரமே ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். பதினோரு வாரமாக அவளுக்குப் பயப்படத்தான் நேரமிருந்தது, விசாரிக்க நேரமில்லை.

கொட்டகையின் கொக்கியைத் திறந்தாள். ஹார்ம் கவிழ்த்த வாளியின் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலமாகியிருந்தது.

"செத்தவனுக்குக் காபி உண்டாக்கா?"

"டேய்... வாயில வந்துருச்சுடா. நெனச்சு சொல்லலடா."

"பரவால்ல விடு. நல்ல நாளாப் பாத்துதான் கொன்ன."

அப்போதுதான் அவளுக்கு நீல ஸ்வெட்டரும் சீவிய தலையும் புரிந்தது. ஐம்பத்தொன்பதாவது பிறந்தநாள். படகிலும் சரி, கரையிலும் சரி, அவள் ஒரு வருஷம்கூட மறந்ததில்லை. எந்தத் துறையில் நின்றாலும் கடிதமாவது போய்ச் சேர்ந்துவிடும். பக்கத்திலேயே இருந்த இந்த வருஷம்தான் மறந்திருக்கிறாள்.

"சாயங்காலம் ஆப்பிள் கேக் செய்யறேன்டா. பெரிசா செய்யறேன்."

"சரிக்கா."

காபி போட்டுக் கொடுத்தாள். பிஸ்கட் டப்பாவை மூடாமல் அவன் முன்னாலேயே வைத்தாள். ஹோவிங் சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தாள். வெட்கம் வந்து அடைத்துக்கொண்டது. இத்தனையும் தேவையே இல்லைடா, உன்னைப் பூட்டி வைத்தது, இருமாதே என்றது, சாகடித்தது எதுவுமே தேவையில்லைடா என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? சாயங்காலம் கேக்கோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஹார்ம் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தான். ஓவனிலிருந்து பூட்ஸை எடுத்தான். "உள்ள வச்சதுதான் வச்ச, சூடு பண்ணியாவது வச்சிருக்கலாம்" என்றான். இடுப்பில் கயிறு கட்டியிருந்த வயசிலிருந்து ஒரு நாளும் அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. கோபமும் இல்லாத, சிரிப்பும் இல்லாத பார்வை.

"துறைமுகம் வரைக்கும் நடந்துட்டு வரேன்க்கா."

ஃபென்னா ஆப்பிளைத் தேடிக்கொண்டே, பதினோரு வாரத்துப் பழக்கத்தில், "பின்பக்கமாப் போடா!" என்றாள்.

அவன் பின்பக்கமாகவே போனான்.

மூன்று மணிக்குக் கேக் வெந்துவிட்டது. மூன்றரைக்கு ஆறியும் விட்டது. நாலு மணிக்கு இருட்டத் தொடங்கியது, கடலிலிருந்து காற்று கிளம்பியது. அவன் பையை மாடிக்கு எடுத்துப் போய் வைக்கலாம் என்று கொட்டகைக்குப் போனாள். கம்பளி நாலாக மடித்து வாளிமேல் இருந்தது, பை இல்லை. கூடத்தில் தேடினாள், மாடியில் தேடினாள், ஏதாவது எழுதி வைத்திருப்பான் என்று தேடினாள். கழிப்பறை விளக்கைப் போட்டதும் நின்றுவிட்டாள்.

காலண்டரில் டிசம்பர் பதினொன்று. அவள் கையெழுத்தில் தம்பி ஹார்ம் என்ற பெயர், பக்கத்தில் தச்சர் பென்சிலால் போட்ட சிலுவை. அவசரமாகக் கிறுக்கியது இல்லை. அம்மா பெயருக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, அதே அளவில், நிறுத்தி நிதானமாகப் போட்டிருந்தான். அவள் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். கரி போயிற்று, அழுத்திய தடம் போகவில்லை.

ஃபென்னா கூடத்துக்கு ஓடினாள். திரையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு வளையம் தெறித்து விழுந்தது. எல்லா விளக்கையும் போட்டாள். தெருவுக்கே தெரிகிற மாதிரி ஜன்னலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். எதிரே ரூலி தன் ஜன்னலிலிருந்து பார்த்தாள், அடுத்த நிமிஷம் மேல்கோட்டுக்கூடப் போடாமல் ஓடி வந்தாள்.

"என்னடி ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ரூலி... என் தம்பி..."

"ஹார்மா? மத்தியானம் பாலத்துக்கிட்டப் பையத் தூக்கிக்கிட்டு நொண்டி நொண்டிப் போனான். கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல."

"உனக்கு எப்படி அவனத் தெரியும்?"

"நல்லாருக்கே கதை! தெருவுக்கே தெரியும். நீ வேலைக்குப் போனப்புறம் பின்சந்துல வந்து என் சைக்கிளுக்குப் பிரேக் மாத்திக் குடுத்தான், மூலை வீட்டுக்காரிக்குக் கதவு சரி பண்ணான். அக்காகிட்டச் சொல்லிறாதீங்க, பயந்துருவாங்கன்னு சொன்னான். நாங்களும் சொல்லல."

"நீ எழுதிப் போட்டுருவேன்னு நெனச்சேன்டி."

ரூலி வாசல் பக்கம் திரும்பினாள். "நான் சைக்கிள எடுத்துக்கிட்டுத் துறைமுகம் போய்ப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சமையலறைக் கடிகாரத்தில் மணி நாலே முக்கால். அலுவலகம் ஐந்துக்கு மூடும். ஃபென்னா மேஜை மேலிருந்த சீட்டை எடுத்தாள். பதினோரு வாரம் மறைத்ததைச் சொன்னால் பதினோரு வாரத்துக்கும் கேள்வி வரும், காலையில் சொன்ன பொய்க்கும் கேள்வி வரும். நீல உறை திரும்பவும் வரும். அதெல்லாம் அவளுக்குத் தெரியும், பயம் கொஞ்சமும் போகவில்லை. எண்ணை அழுத்தினாள். ஆனால் பயம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது. இவ்வளவு நாள் அவன் இந்த வீட்டில் இருப்பது யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று பயந்தாள். இருட்டில் அந்த முழங்காலோடு, தண்ணீர் ஓரமாக, யாருக்கும் தெரியாமல் நடக்கிறவனை நினைத்து இப்போது பயந்தாள்.

"ஹோவிங் பேசறேன்."

"காலைல வந்தீங்களே, நான் ஃபென்னா. என் வீட்டுக்கு ஒரு ஆளப் பதியணும்."

"ஓ, சந்தோஷம்மா. பேரு சொல்லுங்க."

"ஹார்ம். என் தம்பி."

அந்தப் பக்கம் காகிதம் நகர்கிற ஓசை மட்டும் கேட்டது.

"அம்மா... நீங்க காலைல..."

"பொய் சொன்னேன். பதினோரு வாரமா என்கூடத்தான் இருக்கான். நீங்க வந்தப்ப கொட்டகைல பூட்டி வச்சிருந்தேன். என்ன தண்டனையோ போடுங்க, கட்டறேன்."

ஹோவிங் பெருமூச்சு விட்டது கேட்டது. "சரி, அதப் பின்னாடி பாப்போம். இப்ப அவரு வீட்ல இருக்காரா?"

ஃபென்னா ஜன்னல் பக்கம் பார்த்தாள். திரை இல்லாத கண்ணாடியில் வெறும் தெருவும், விளக்கடியில் ஈரக் கல்லும் தெரிந்தன.

"இல்ல" என்றாள். "ஆனா உயிரோட இருக்கான் சார். அத மொதல்ல எழுதுங்க."